பந்தாட்டமும் பந்தயமும் பஞ்சாங்கமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரப்பாக்கத்தில் தோழர் ஒருவர் வீட்டுச் சுயமரியாதைத் திருமணத்திற்குப் போய்விட்டுத் திரும்புகையில், ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தபடியால், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை ஒன்றில் உட்கார நேர்ந்தது. வண்டலூர் தொடங்கிச் செங்கல்பட்டு வரையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் இன்று கல்லூரிகள் மலிந்து கிடப்பது வாசகர்கள் அறிந்ததே. அவற்றுள் இரண்டு கல்லூரிகளுக்கு அன்று மாலை கால்பந்து ஆட்டம். கடையில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மாணாக்கர் சிலர், ஆட்டோ ஓட்டும் தோழர்கள் சிலர், கட்டட வேலைக்குப் போய்வருகிறவர்கள் சிலர். ஒரு ஆசாமி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பெயர் எழுதிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தான். ஆளுக்கு 100 ரூபாய்; துணிந்தவர்கள் மேலும் கட்டலாம். ஒவ்வொரு 100-க்கும் 10 ரூபாய் அவன் கமிஷன். மீதிப் பணத்தை ஜெயித்த பக்கத்தார் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. ஆட்டம் சமனாகிவிட்டால் பணம் அடுத்த வாரத்து ஆட்டத்திற்குப் போகும். ஆனால் கமிஷன் மட்டும் கமிஷன்தான்!

கடைக்கு எதிரே ஒரு கிளி ஜோசியர் கூண்டோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வாலிபன் போய் 20 ரூபாய் கொடுத்து, “நம்ம காலேஜ் ஜெயிக்குமா?” என்றான். கிளி வெளியே வந்து ஒரு சீட்டை இழுத்தது. முருகன் படம். “சத்துரு நாசம், ஜெயம் நிச்சயம்” என்றார் ஜோசியர். பார்த்துக்கொண்டிருந்த எதிர்க்கட்சி வாலிபனுக்குப் பொறுக்கவில்லை. அவனும் 20 ரூபாய் கொடுத்தான். கிளி லட்சுமி படத்தை இழுத்தது. “தனலாபம், தொட்டது துலங்கும்” என்றார் ஜோசியர். இருவரும் சந்தோஷமாகத் திரும்பி வந்து ஆளுக்கு மேலும் 200 ரூபாய் கட்டினார்கள். ஒரே ஆட்டத்தில் இரு கட்சியும் ஜெயிப்பது எப்படி என்று அந்த இருபது பேரில் ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தோம். கிளிக்கு இரண்டு நெல்மணி கிடைத்தது. ஜோசியருக்கு 40 ரூபாய் கிடைத்தது. கேள்வி மட்டும் பிறக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவரும் இருந்தார். கறுப்புச் சட்டை. கூட்டங்களுக்கு நோட்டீஸ் ஒட்டுகிறவர். ராகு காலத்தில் வீடு குடிபோனவர். அவர் 500 ரூபாய் கட்டியிருந்தார். “என்ன தோழர், நீங்களுமா?” என்றோம். அவர் சிறிதும் வெட்கப்படாமல், “நான் என்ன கிளியையா கேட்டேன், அய்யா? ஐந்து ஆட்டத்துக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். யார் எத்தனை கோல் போட்டார், யாருக்குக் கால் அடிபட்டிருக்கிறது, எல்லாம் தெரியும். இது பகுத்தறிவு” என்றார்.

நாம் இதை எழுதப் புறப்பட்டது இவருக்காகத்தான். கிளியைக் கேட்டவனைத் திருத்த ஒரு சிரிப்புப் போதும். பகுத்தறிவின் பேரால் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவருக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் கிளியின் சங்கதியை முடித்துவிடுவோம். கிளி ஜோசியத்தை ஏதோ படிப்பறிவில்லாத ஏழைகளின் பைத்தியம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த நாட்டின் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே 16 லட்ச ரூபாய் கொடுத்து ஒரு ஜோசியக் கம்பெனியை அமர்த்தியது என்று 2022 ஜூன் மாதத்தில் செய்தி வெளியாயிற்று. அதற்கு மேலும் ஒரு படி உண்டு. 2022 ஜூன் 11-ந்தேதி கல்கத்தாவில் ஆப்கானிஸ்தானோடு ஆடவேண்டிய ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்திற்கு இரண்டு நாள் முன்னதாக, இந்தியக் கோஷ்டியின் பயிற்சியாளராயிருந்த இகோர் ஸ்டிமாச் என்பவர், பதினொரு ஆட்டக்காரரின் பெயர்ப் பட்டியலை ஒரு ஜோசியருக்கு அனுப்பினார் என்றும், ஜோசியர் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ‘இவர் நன்று’, ‘இவருக்கு இன்று சாமானியம்’, ‘இவர் இன்றைக்கு வேண்டாம்’ என்ற தோரணையில் எழுதி அனுப்பினார் என்றும் 2023 செப்டம்பரில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை விவரமாக வெளியிட்டது. ஸ்டிமாச் ஐரோப்பாவில் குரோவேஷியா தேசத்துக்காரர்; உலகக் கோப்பை ஆடியவர். அவர் இங்கு வந்து நமக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுப்பார் என்று பார்த்தால், நாம் அவருக்குப் பஞ்சாங்கம் கற்றுக்கொடுத்துவிட்டோம்!

அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று ஜெயித்தது. ஜோசிய பக்தர்கள் இதைக் கண்டு குதிக்கலாம். கொஞ்சம் பொறுக்கட்டும். 2024 ஜனவரியில் கத்தார் தேசத்தில் ஆசியக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூவரிடமும் இந்தியா தோற்றது. ஆறு கோல் வாங்கிக்கொண்டு ஒரு கோல் கூடத் திருப்பிப் போடாமல் வீடு வந்து சேர்ந்தது. 2024 மார்ச் 26-ந்தேதி கௌஹாத்தியில், நமது சொந்த மண்ணில், அதே ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றது. ஜூன் மாதத்தில் ஸ்டிமாச் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு வருஷத்திற்குள் கிரகங்கள் ஆப்கானிஸ்தானியராக மாறிவிட்டனவா?

தோல்வியைப் பற்றி நமக்குப் பெரிய துக்கமில்லை. ஆடினால் ஒருவன் தோற்கத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. எங்கோ ஒரு குடிசையில் பிறந்து, செருப்பில்லாத காலோடு ஓடிப் பழகி, பத்து வருஷம் உடம்பை வருத்தி, பதினொருவரில் ஒருவனாக வந்து நிற்கிற ஒரு வாலிபனைப் பார்த்து, “உன் ஜாதகம் இன்று சரியில்லை, உட்கார்” என்று சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிறந்த சாதியைக் காட்டி ‘நீ படிக்காதே’ என்றதற்கும், பிறந்த நாழிகையைக் காட்டி ‘நீ ஆடாதே’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் அவன் பிறப்பைத் தவிர வேறெதையும் இவர்கள் பார்க்கவில்லை.

நிற்க, கறுப்புச் சட்டைத் தோழரின் ‘கணக்கு’க்கு வருவோம்.

ஆட்டத்தின் முடிவை முன்கூட்டிச் சொல்லி, அது பலித்தும்விட்டால், சொன்னவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நாம் நினைத்துவிடுகிறோம். 2010-ம் வருஷ உலகக் கோப்பையின்போது ஜெர்மனியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த பால் என்கிற எட்டுக்கால் கடல்பிராணி எட்டு ஆட்டங்களின் முடிவைச் சரியாகச் சொன்னது என்று உலகமே கூத்தாடியதை அநேகர் மறந்திருக்கமாட்டார்கள். நாணயத்தைச் சுண்டி எட்டுத் தடவையும் தலையே விழுவதற்கு 256-ல் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டு. உலகமெங்கும் அந்த மாதத்தில் எத்தனை கிளி, எத்தனை மீன், எத்தனை பூனையை இந்த வேலைக்கு விட்டார்கள்! அத்தனையில் ஒன்று எட்டும் சரியாகச் சொல்லாதிருந்தால்தான் அதிசயம். அதே பால் 2008-ம் வருஷத்து ஐரோப்பியக் கோப்பையில் ஆறு ஆட்டத்தில் இரண்டைத் தப்பாகச் சொன்னது. அதை யாரும் விளம்பரப்படுத்தவில்லை. நம்மவர்களும் சளைக்கவில்லை. சிங்கப்பூரில் செரங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழர் வளர்த்த மணி என்கிற கிளி, அதே 2010-ல் கால் இறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாகச் சொல்லிப் புகழ் பெற்றது. கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்து ஜெயிக்குமென்று சீட்டு எடுத்தது. ஸ்பெயின் ஜெயித்தது. மணியின் பேச்சை நம்பிப் பணம் கட்டியவர்கள் யாரிடம் போய் அழுதார்களோ தெரியாது.

இந்தத் தந்திரத்தை மனிதன் செய்தால் எப்படியிருக்கும் என்பதையும் பாருங்கள். ஒருவன் 1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறான். பாதிப் பேருக்கு ‘இன்று ராமன் கட்சி ஜெயிக்கும்’ என்றும், பாதிப் பேருக்கு ‘ராவணன் கட்சி ஜெயிக்கும்’ என்றும். ஆட்டம் முடிந்ததும் தப்பான செய்தி போன 512 பேரை விட்டுவிடுகிறான். சரியான செய்தி போன 512 பேரை மறுபடி இரண்டாகப் பிரித்து அடுத்த ஆட்டத்திற்குச் சொல்கிறான். பிறகு 256, பிறகு 128, 64, 32. ஐந்து ஆட்டம் முடிந்ததும் ஐந்து தடவையும் அவன் சொன்னதே பலித்ததாகக் கண்ட 32 பேர் மிஞ்சுகிறார்கள். அந்த 32 பேருக்கும் அவன் தெய்வம்! “ஆறாவது ஆட்டத்திற்கு ரகசியம் சொல்ல 5,000 ரூபாய்” என்றால் தாலியை அடகு வைத்தாவது கொடுப்பார்கள். அவனுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்று கூடத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. இன்று டெலிகிராமில் ‘நிச்சய வெற்றி’ என்று விற்கிறவர்களைப் பின்தொடரும் மாணாக்கர்கள் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

அப்படியானால் முடிவை முன்கூட்டி உண்மையாகவே அறிந்தவர்கள் ஒருவருமில்லையா? உண்டு. அவர்கள் முடிவை விலைக்கு வாங்கியவர்கள்! 2011 பிப்ரவரி 9-ந்தேதி துருக்கி தேசத்தில் அந்தாலியா என்ற ஊரில் ஒரே நாளில் இரண்டு சர்வதேச ஆட்டங்கள் நடந்தன. பல்கேரியாவுக்கும் எஸ்தோனியாவுக்கும் 2-2. லாட்வியாவுக்கும் பொலிவியாவுக்கும் 2-1. ஆக ஏழு கோல். ஏழும் பெனால்டி உதையில் வந்தவை! ஊதலை வைத்திருந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் பஹ்ரைன் தேசத்தில் டோகோ நாட்டுக் கோஷ்டி என்று ஒன்று வந்து 3-0 என்று தோற்றுப் போயிற்று. பிறகு விசாரித்தால், டோகோ நாடு எந்தக் கோஷ்டியையும் அனுப்பவேயில்லை! இந்த வியாபாரத்தில் உலகப் பிரசித்தி பெற்றவர் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. வில்சன் ராஜ் பெருமாள் என்ற அவர் 2011-ல் பின்லாந்து தேசத்தில் பிடிபட்டு, ஆட்டக்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்த குற்றத்திற்காக இரண்டு வருஷத் தண்டனை பெற்றார். சாமி சிலையின் கண்ணில் தண்ணீர் எப்போது வடியும் என்பது குழாய் வைத்த பூசாரிக்குத் தெரியும். தட்டில் காசு போடுகிற பக்தனுக்குத் தெரியாது. பந்தயத்திலும் பூசாரி உண்டு, பக்தன் உண்டு. ஊரப்பாக்கத்து டீக்கடையில் 100 ரூபாய் கட்டுகிறவர் இவ்விருவரில் யார் என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

“எல்லா ஆட்டமும் விலைபோனதல்லவே, அய்யா! யோக்கியமாக நடக்கிற ஆட்டத்தில் கணக்குப் பார்த்துக் கட்டினால் என்ன?” என்று தோழர் கேட்கலாம். நல்லது, கணக்கே பார்ப்போம். நோட்டுக்காரன் 100-க்கு 10 எடுக்கிறான். இருபது பேர் ஆளுக்கு 100 கட்டினால் 2,000. அதில் 200 அவனுக்கு. பத்து வாரம் நடந்தால் அவன் கையில் 2,000. அதாவது, இருபது பேர் ஒரு வாரம் கட்டிய பணம் முழுவதும், யார் ஜெயித்தாலும் தோற்றாலும், இவன் மடிக்குப் போய்விட்டது. மிச்சம் இருபது பேரும் ஒருவர் பையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டதுதான். பெரிய கம்பெனிக்காரன் இவ்வளவு முரட்டுத்தனமாக எடுக்கமாட்டான். 100 கட்டு, ஜெயித்தால் 190 தருகிறேன் என்பான். கேட்க இனிமையாயிருக்கும். இரண்டு பக்கமும் 100, 100 வாங்கி, ஒரு பக்கத்துக்கு 190 கொடுத்துவிட்டு 10 ரூபாயை எடுத்துக்கொள்வான். அதாவது ரூபாய்க்கு 5 பைசா. 5 பைசா தானே என்று எண்ணவேண்டாம். போனில் விரலைத் தேய்த்து ஒரே நாளில் 100 ரூபாயை இருபது தடவை கட்டுகிறவன், 2,000 ரூபாய்க்குப் பந்தயம் ஆடியவனாகிறான். அதில் 5 பைசா வீதம் சராசரி 100 ரூபாய். கையில் கொண்டுவந்த முதல் அவ்வளவும் காலி. இந்த நிபந்தனையில் கைமுதல் மட்டும் மிஞ்சவேண்டுமானாலே 100 ஆட்டத்துக்கு 53 ஆட்டம் சரியாகச் சொல்லவேண்டும். தோழரின் ஐந்து ஆட்டத்து நோட்டுப் புத்தகம் இதற்குப் போதுமா? அவரைப் போலவே நோட்டு வைத்துக் கணக்கெழுத, கம்பெனிக்காரனுக்குச் சம்பள ஆட்களும் யந்திரங்களும் இருப்பதை அவர் அறிவாரா?

அமெரிக்காவில் இந்த வியாபாரம் கல்லூரி வாசலிலேயே நடக்கிறது. அங்கே கல்லூரி மாணாக்கர் ஆடும் ‘புட்பால்’ (அது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேறொரு ஆட்டம்) பார்க்க ஒரே மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுவதுண்டு. 100 ஜெயிக்க 110 கட்டு என்பது அங்கு வழக்கமான நிபந்தனை. 2018 மே 14-ந்தேதி அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு, பந்தயத்தைத் தடுத்திருந்த மத்தியச் சட்டத்தை ரத்துச் செய்தது. அது முதல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கதவைத் திறந்துவிட்டன. பிறகு என்ன நடந்தது? தோற்றவர்கள் ஆட்டக்கார மாணாக்கருக்கே செய்தி அனுப்பித் திட்டவும் மிரட்டவும் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் அந்தக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர், தனி மாணாக்கன் ஒருவனின் ஆட்டத்தின் பேரில் பந்தயம் வைப்பதையாவது நிறுத்துங்கள் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

அமெரிக்கா தூரம் என்பவர்களுக்கு ஊரப்பாக்கத்தில் அன்று மாலை நடந்ததைச் சொல்கிறோம். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பந்து கோல்கீப்பர் பையன் கையில் பட்டு நழுவி உள்ளே போய்விட்டதாம். 1-1. சமன்! முருகனும் பொய், லட்சுமியும் பொய். பணம் அடுத்த வாரத்திற்கு. கமிஷன் நோட்டுக்காரனுக்கு. செய்தி போனில் வந்ததும் கடையில் ஒரே கூச்சல். அந்தக் கோல்கீப்பர் பக்கத்துக் கிராமத்துப் பையன். அவன் நம்பர் ஒருவனிடம் இருந்தது. உடனே போன் போட்டான். “ஏண்டா, எவ்வளவு வாங்கினே?” என்று ஆரம்பித்தான். பிறகு அந்தப் பையனின் சேரியைச் சொன்னான். சாதியைச் சொன்னான். அவன் தாயைச் சொன்னான். இங்கே அச்சிடத் தகாத வார்த்தைகளைச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர்முனையில் அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்தது.

நாம் எழுந்து அந்த ஆளைக் கண்டித்தோம். “உங்க பணமா போச்சு, பெரியவரே?” என்றான். கறுப்புச் சட்டைத் தோழரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நோட்டுக்காரனிடம் தம் 500 ரூபாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் தாண்டிச் செங்கல்பட்டு ஒரு மணி நேரத்துப் பிரயாணம் கூட இல்லை. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கேதான் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. சௌந்தரபாண்டியனார் தலைமை வகித்தார். பேருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்வது மானக்கேடு என்று தீர்மானித்து, தோழர்கள் தங்கள் பட்டங்களை அங்கேயே உதறினார்கள். அந்த மண்ணில், அந்த இயக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட ஒருவர், ஒரு பையனைச் சாதி சொல்லித் திட்டும்போது 500 ரூபாயை எண்ணிக்கொண்டு நிற்கிறார் என்றால், அவரை அப்படி நிற்க வைத்தது எது? அவர் கெட்டவரல்ல. இன்னொரு நாளாயிருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பார். அன்றைக்கு அவர் பணமும் திட்டினவன் பணமும் ஒரே பையில் இருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம். பந்தயம் கட்டியவனுக்கு ஆட்டக்காரன் மனிதனாகத் தெரிவதில்லை. தன் பணத்தைச் சுமந்து ஓடுகிற குதிரையாகத்தான் தெரிகிறான்.

குதிரை என்றதும் சட்டக்காரர்களின் ஞாபகம் வருகிறது. 1930-லேயே சென்னை மாகாணத்தில் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 1974-ல் கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சர்க்கார் சட்டம் செய்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததல்ல, திறமையைப் பொறுத்தது, ஆகவே சூதாட்டமல்ல என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுத்துத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த வருஷ நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அவ்விரண்டையும் தடையிலிருந்து விலக்கிற்று. திறமை குதிரையின் காலில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். அதை ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறோம். வேலிக்கு வெளியே நின்று சம்பளப் பணத்தைக் கட்டிவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறவனிடத்தில் என்ன திறமை? இருந்தாலும்தான் என்ன? திறமைசாலி கட்டினாலும் மூடன் கட்டினாலும் கமிஷன் ஒன்றே. முன்பு ‘விதி’ என்ற பெயரால் பிடுங்கினார்கள். இப்பொழுது ‘திறமை’ என்ற பெயரால் பிடுங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியதும், இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியின் மார்பிலே பெயர் எழுதியிருந்த டிரீம் லெவன் கம்பெனி, தன் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. அதுவரை அவர்கள் சொல்லி வந்ததும் ‘திறமை’தான்.

இதில் நம்மவர்களையும் விட்டுவிட நியாயமில்லை. 1968-ல் அண்ணா முதல் மந்திரியாக இருந்தபோதுதான் தமிழ்நாட்டில் சர்க்கார் லாட்டரிச் சீட்டுத் தொடங்கிற்று. நல்ல எண்ணத்தோடு, நாட்டுக்கு வருமானம் என்று செய்ததுதான். ஆனால் எண்ணம் நல்லதென்பதற்காகக் கணக்கு மாறிவிடாது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரி தடுக்கப்படும் வரையில், கூலிக்காரன் சாயங்காலக் கூலியைச் சீட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போனதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். எதிரி செய்தால் சூது, நம்மவர் செய்தால் நிதி என்று எழுத இந்தப் பேனாவுக்குத் தெரியாது.

புராணக்காரர்களோ இந்த விஷயத்தில் வெட்கம் என்பதையே அறியாதவர்கள். நாட்டையும் தம்பிகளையும், கடைசியில் பெண்டாட்டியையும் சூதில் வைத்துத் தோற்றவனுக்குத் ‘தருமன்’ என்று பெயர்! அந்தக் கதைக்கு ஐந்தாம் வேதம் என்று பெயர்! வடநாட்டில் தீபாவளி இரவில் சூதாடினால் லட்சுமி வீட்டுக்கு வருவாள் என்று இன்றும் ஆடுகிறார்கள். மேகாலயாவில் ஷில்லாங் நகரத்தில் சர்க்கார் அனுமதியோடு வில்வித்தைப் பந்தயம் ஒன்று நடக்கிறது. இலக்கில் தைத்த அம்புகளை எண்ணி, அந்தத் தொகையின் கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பரிசு. அங்கே ஜனங்கள் இரவில் கண்ட கனவை எண்ணாக மாற்றிப் பணம் கட்டுகிறார்கள். கனவுக்கு எண் சொல்லும் அட்டவணைகளும் உண்டு. அம்பு விடுகிறவன் கைக்கும் இவன் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தமோ!

பந்தாட்டத்தை நாம் வெறுக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். பூணூலும் பட்டமும் பார்க்காமல் ஒரே பந்தின் பின்னால் இருபத்திரண்டு பேர் ஓடுவதும், வியர்வையோடு ஒருவரையொருவர் கட்டிக்கொள்வதும் இந்த நாட்டில் கிடைத்தற்கரிய காட்சி. முடிவு முன்கூட்டித் தெரியாது என்பதுதான் அதன் ருசி. ஊரப்பாக்கத்து வாலிபர்கள் மைதானத்துக்குப் போகட்டும், தொண்டை கிழியக் கத்தட்டும், தங்கள் கல்லூரி தோற்றால் அழவும் அழட்டும். டீக்கடையில் நாம் பார்த்தவர்களில் ஒருவர்கூட அந்த ஆட்டத்தைப் போய்ப் பார்க்கவில்லை. மைதானம் இரண்டு மைல் தூரத்தில்தான் இருந்தது.

1963-ல் இலங்கையில் டாக்டர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தி உண்டென்று நிரூபிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக அறிக்கை விட்டார். அவர் சாகும் வரையில் அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. நம்மிடம் ஒரு லட்சம் கிடையாது. ஆயினும், ஜோசியரோ, கிளிக்காரரோ, டெலிகிராம் ஆசாமியோ, அல்லது ஐந்து ஆட்டத்துக் கணக்கு வைத்திருக்கும் நம் தோழரோ, அடுத்துவரும் பத்து ஆட்டங்களின் முடிவையும் கோல் எண்ணிக்கையோடு எழுதி, உறையில் வைத்து ஒட்டி, இந்தப் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பட்டும். பத்தில் ஒன்பது சரியாயிருந்தால் அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, இந்தக் கட்டுரை முழுவதையும் வாபஸ் பெற்றுக்கொள்கிறோம். தபால் முத்திரை, முதல் ஆட்டத்திற்கு முந்தின தேதியில் விழுந்திருக்க வேண்டும்.